குரோக்கே பந்து வாங்குபவர்கள் கவனத்துக்கு: ‘போட்டித் தரம்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

குரோக்கே என்பது புல்தரையில் நீண்ட பிடியுள்ள சுத்தியலால் பந்தை அடித்து இரும்பு வளையங்களுக்குள் செலுத்தும் ஆட்டம். மெல்போர்னில் ஒரு குரோக்கே கிளப்பில் விளையாடும் நாங்கள் சிலர் சேர்ந்து, பயிற்சிக்கென்று நான்கு பந்துகள் கொண்ட செட் ஒன்றை இணையத்தில் வாங்கினோம். ‘போட்டித் தரம், முழு அளவு, 16 அவுன்ஸ்’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அடிமாட்டு விலையும் இல்லை. பெயர் பெற்ற பந்துகளைவிடச் சற்றுத்தான் குறைவு. வந்து சேர்ந்ததோ வீட்டுத் தோட்டத்தில் பிள்ளைகள் விளையாடும் தரம். இதே படங்களோடு வேறு வேறு கடைப் பெயர்களில் இந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

போட்டிப் பந்தின் கணக்கு மிகத் தெளிவானது. விட்டம் 3⅝ அங்குலம், அதாவது சுமார் 92 மில்லிமீட்டர். எடை 16 அவுன்ஸ், ஏறக்குறைய 454 கிராம்; கால் அவுன்ஸ் கூடலாம், கால் அவுன்ஸ் குறையலாம், அவ்வளவுதான். எங்களுக்கு வந்தவற்றைச் சமையலறைத் தராசில் வைத்தோம். நீலம் 431 கிராம், கறுப்பு 436, சிவப்பு 452, மஞ்சள் 463. நான்கில் ஒன்றுதான் தேறியது. நீலமும் கறுப்பும் ஒரு அணி, சிவப்பும் மஞ்சளும் எதிரணி என்பது ஆட்ட முறை. ஆகவே, ஓர் அணிக்கு இரண்டுமே லேசான பந்துகள்!

முப்பது கிராமில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் குரோக்கே ஆடிப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் பந்து இன்னொரு பந்தில் பட்டதும், நம் பந்தை எடுத்து அந்தப் பந்தோடு ஒட்டிவைத்து மறுபடி அடிக்கிறோம். முன்னால் இருப்பது எவ்வளவு தூரம் போகும், நம்முடையது எங்கே நிற்கும் என்ற விகிதத்தை அறிந்து அடிப்பதில்தான் இந்த ஆட்டத்தின் திறமையே இருக்கிறது. மஞ்சளால் நீலத்தை அடித்தால் அது குறித்த இடத்தைத் தாண்டி ஓடுகிறது. நீலத்தால் மஞ்சளை அடித்தால் வந்து சேரவில்லை. இப்படிப்பட்ட பந்தில் பழகினால் கை தவறாகப் பழகிவிடும். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பணம் போனதுகூட அடுத்த கவலைதான்.

பந்தைக் கையில் எடுத்து உருட்டியபோதே, நடுவில் ஒரு விளிம்பு நகத்தில் தட்டுப்பட்டது. இரண்டு பாதிகளை ஒட்டிய கோடு. வெர்னியர் அளவுகோலை அந்தக் கோட்டின் மேல் வைத்தால் 93 மில்லிமீட்டருக்கு மேல், குறுக்கே வைத்தால் 91. வளையத்தின் இடைவெளி வழக்கமாக 3¾ அங்குலம். பெரிய போட்டிகளில் பந்தைவிட 1/32 அங்குலம் மட்டுமே அகலமாக வைப்பார்கள். அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உருண்டையாக இல்லாத பந்து அதில் எப்படி நுழையும்? இன்னொன்று: மேற்பரப்பிலேயே செதுக்கியிருக்க வேண்டிய வரிக்கோலம் (நெருக்கமான சிறு கோடுகள்) இவற்றில் வெறும் பூச்சில்தான் இருந்தது. வளையத்தின் இரும்பில் பலமாகப் பட்டதும் சிவப்புப் பூச்சு நீளமாக உரிந்து, உள்ளே வெளிறிய சாம்பல் நிறம் தெரிந்தது.

துள்ளலையும் பார்க்க வேண்டும். கான்கிரீட்டில் பதித்த எஃகுத் தகட்டின் மேல் 60 அங்குல உயரத்திலிருந்து விட்டால், பந்து 30 முதல் 45 அங்குலம் வரை எழும்ப வேண்டும். ஒரே செட்டில் உள்ளவற்றுக்கிடையே 3 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. வீட்டில் அந்தத் தகடு இருக்காது. ஆனால் கேரேஜ் தரையில் கிளப்பின் நல்ல பந்தோடு சேர்த்து விட்டுப் பார்த்தாலே ஒப்பிட்டுவிடலாம். எங்கள் கறுப்புப் பந்து இடுப்பு வரை வந்தது, மஞ்சள் முழங்காலைத் தாண்டவில்லை.

தராசில் வைத்த படங்களோடு விற்பவருக்கு எழுதினோம். ‘வெயிலில் வைத்திருப்பீர்கள், வெப்பத்தில் பந்து மாறும்’ என்று பதில் வந்தது. வெப்பத்தால் துள்ளல் மாறும் என்பது உண்மை. எடை எப்படி மாறும்? திரும்ப எழுதினோம். அடுத்த பதிலில், வெளிநாட்டுக் கிடங்குக்கு எங்கள் செலவில் அனுப்பினால் பரிசீலிப்போம் என்றார்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருந்தாக வேண்டும் என்று சுட்டிக்காட்டிய பிறகு பதிலே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் முதலில் உலகக் குரோக்கே கூட்டமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பந்து, அதே மாதிரிப் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ‘தரத்துக்கு இணையானது’ என்ற சொல்லை ஏற்காதீர்கள். ஒவ்வொரு பந்தின் எடையையும் எழுத்தில் கேளுங்கள். உண்மையான வியாபாரி தயங்க மாட்டார். ஆறு பந்து செட்டில் பச்சையும் ஆரஞ்சும் இருந்தால் அது பெரும்பாலும் தோட்டத்து செட்தான்; போட்டியில் ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டம் நடந்தால் பயன்படுத்தும் இரண்டாவது செட்டின் நிறங்கள் பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை. என்னைக் கேட்டால், புதிதாக ஏதோ ஒன்றை வாங்குவதைவிட, ஒரு கிளப் மாற்றிவிடும் பழைய பார்லோ அல்லது டாசன் (இரண்டும் பெயர் பெற்ற பந்து வகைகள்) செட்டை வரிக்கோலம் தேயாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது எவ்வளவோ மேல்.

கார்டில் பணம் கட்டியதால் வங்கியில் முறையிட்டிருக்கிறோம். விளம்பரப் பக்கத்தின் படம், எடைப் படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இப்படி முறையிடக் காலவரம்பு உண்டு. ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே உங்கள் பந்துகளைத் தராசில் வையுங்கள்.