சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்: விடுப்பில் ஒரு பழைய காரோடு

மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். அதில் ஏறத்தாழ இரண்டு வாரம் அப்பாவின் பழைய பெட்ரோல் காரோடு கழிந்தது. இருபது ஆண்டைத் தாண்டிய வண்டி. கார்புரேட்டர் காலத்துக்குப் பிந்தையது என்பதால், பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரு கணினிப் பெட்டியே கவனித்துக்கொள்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஓடிய பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடும். இருபது நிமிடம் ஓரங்கட்டி வைத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் கிளம்பும். அப்பா இதற்குப் பழகிப்போய், செய்தித்தாளைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் வெளியே கிளம்புவார். எனக்குத்தான் பயமாக இருந்தது. ஓடும்போது எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும். பிரேக்கும் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு கெட்டிப்பட்டுவிடும். எழுபதைக் கடந்தவரின் கைகால்களுக்கு அது தாங்காது.

முதலில் போன பட்டறையில் வரவேற்பு நன்றாகவே இருந்தது. காரின் கணினியில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். அதன் பிறகு ஸ்பார்க் பிளக்குகளையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றி, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கரியைத் துடைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வண்டி மறுபடியும் நடுவழியில் நின்றது. அங்கேயே வந்து பார்த்த அந்தப் பட்டறைக்காரர், ஸ்டார்ட்டர் சுழலும்போது பெட்ரோல் பம்பின் சத்தமே கேட்கவில்லை என்று சுட்டிக்காட்டி, பம்பை மாற்றிவிடலாம் என்றார். அவர் காது பொய் சொல்லவில்லை. பம்ப் உண்மையாகவே ஓடவில்லை. ஆனால் அது ஏன் ஓடவில்லை என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. புதிய பம்புக்குச் சரி சொல்லும் முன் இன்னொருவரிடம் காட்டலாம் என்று தோன்றியதால் தப்பித்தோம்.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக், அப்பாவின் வயதில் பாதிகூட இருக்காத ஒருவர், பானெட்டைத் திறக்கவே இல்லை. கோளாறைத் தேடும் நேரத்துக்குத் தனியாகப் பணம் வாங்குவேன், பாகம் எதையும் மாற்றாவிட்டாலும் அதைக் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்த ஒரு நிபந்தனையே நம்பிக்கை தந்தது. பாகத்தை விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் இருப்பவர் யாராக இருந்தாலும் முதல் சந்தேகத்திலேயே ஸ்பேனரை எடுத்துவிடுவார். பிறகு அவர் கேட்டதெல்லாம் கேள்விகள்தாம். "நிற்கும்போது குலுங்கி நிற்கிறதா, விளக்கை அணைத்ததுபோல் நிற்கிறதா, ஐயா? எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் மெதுவாக இறங்குகிறதா, சட்டென்று விழுகிறதா? டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? ஏ.சி. ஓடிக்கொண்டிருந்ததா?" எங்கள் இருவராலும் ஒன்றுக்குக்கூட உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு நாள் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அந்த நான்கு நாளில் வண்டி ஆறு முறை நின்றது. ஆறிலும் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. டேங்க் நிறைந்திருந்தபோதும் நின்றது, கால்வாசி இருந்தபோதும் நின்றது. ஆகவே பெட்ரோல் குறைவால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்ற ஐயம் விலகியது. முள் ஒவ்வொரு முறையும் ஒரே விழுகையாகச் சுழியத்துக்கு வந்தது. முன்பெல்லாம் சிக்னலில் ஏ.சி.யோடு நிற்கும்போது எஞ்சின் தள்ளாடித் தள்ளாடி அணைவதும் உண்டு என்று அப்பா நினைவுகூர்ந்தார். அது த்ராட்டில் பாடியைத் துடைத்த பிறகு ஒரு முறைகூட வரவில்லை. ஒரே வண்டியில் இரண்டு கோளாறுகள் ஒன்றாகக் குடியிருந்திருக்கின்றன. முதல் பட்டறை அதில் ஒன்றைத் தீர்த்திருக்கிறது என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

குறிப்பைப் படித்தவுடன் அந்த இரண்டாம் மெக்கானிக் ஸ்கேனரைப் பதிவு செய்யும் நிலையில் வைத்து, என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தார். அடுத்த முறை நின்றால் கிளட்சை மிதிக்க வேண்டாம், வண்டி கியரிலேயே உருளட்டும் என்றார். ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில், மூன்றாம் கியரில், சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் அது நின்றது. சக்கரங்கள் உருண்டுகொண்டிருந்தன; கிளட்சை மிதிக்காததால் எஞ்சினின் சுழலும் அச்சான கிராங்க் தண்டும் அவற்றோடு சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் திரையில் வேகம் 34 என்றும் ஆர்.பி.எம். 0 என்றும் தெரிந்தது. எஞ்சின் சுழல்வதை வண்டியின் கணினி காணவே இல்லை. பெட்ரோல் மட்டும் தடைப்பட்டிருந்தால், சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து அந்த எண்ணும் படிப்படியாகத்தான் இறங்கியிருக்கும்.

அந்த ஆர்.பி.எம். எண்ணைக் கணினிக்குத் தருவது, கிராங்க் தண்டின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார். அதன் சைகை அறுந்தால், எஞ்சின் நின்றுவிட்டதாக எண்ணிக் கணினி தீப்பொறியையும், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும், பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் ரிலேயையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. விபத்தில் பெட்ரோல் பீய்ச்சாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. முதல் பட்டறைக்காரரின் காதில் பம்பின் சத்தம் விழாததற்குக் காரணமும் அதுதான். சுழற்சி எப்படியும் நின்றுபோனதாகவே கணினி கருதிக்கொள்வதால் பல நேரம் இதைப் பிழையாகப் பதிவதில்லை. எங்கள் வண்டியிலும் அதனால்தான் குறியீடு இல்லை.

அப்போதும் அவர் உடனே புதிய சென்சாரை வாங்கிவிடவில்லை. சென்சாரிலிருந்து போகும் வயரையும் கனெக்டரையும் எஞ்சின் ஓடும்போது ஆட்டியும் இழுத்தும் பார்த்தார், எதுவும் நிகழவில்லை. பிறகு வண்டியை ஆறவிட்டு, சென்சாரைக் கழற்றி மேசையில் வைத்து, அதன் மின்தடையை அளக்க மல்டிமீட்டரை இணைத்தார். இரண்டு கம்பிச் சென்சார், உள்ளே மயிரிழை போன்ற செப்புச் சுருள். மீட்டர் 560 ஓம் காட்டியது. வீட்டிலிருந்து கொண்டுவந்த முடி உலர்த்தியை அதன்மேல் பிடித்தார். எண் 600, 640, 670 என்று ஏறியது. எனக்கு அது கோளாறாகத் தோன்ற, செம்பு சூடானால் தடை கூடத்தான் செய்யும், இந்த அளவு ஏறுவது இயல்பு என்றார். அடுத்த சில நொடிகளில் எண் மறைந்து, சுற்று அறுந்ததைக் காட்டும் ஓ.எல். திரையில் வந்தது. ஈரத் துணியால் சுற்றியதும் கொஞ்ச நேரத்தில் எண் திரும்பியது. சுருளில் எங்கோ ஒரு விரிசல்; சூட்டில் விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. செய்தித்தாள் படித்த அந்த இருபது நிமிடங்கள் சுருள் ஆறுவதற்கு ஆன நேரம். எல்லாச் சென்சாரையும் இப்படி ஓமில் அளக்க முடியாது என்றும், மூன்று கம்பியுள்ள, காந்தப்புலத்தை மின்னணுச் சில்லால் உணரும் ஹால் வகையை அதன் சைகையைப் பார்த்தே சோதிக்க வேண்டும் என்றும் கூடவே சொல்லி வைத்தார்.

புதியதை மாட்டுவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பழையதை ஒரு உறையில் போட்டு என்னிடமே கொடுத்தார். விமானம் ஏறும் வரை மீதமிருந்த ஐந்து நாளும் மதிய வெயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டினேன், வண்டி நிற்கவில்லை. கிளம்பும் நாள் காலையில் அப்பாவின் மல்டிமீட்டரில் அந்தப் பழைய சென்சாரை வைத்துப் பார்த்தேன். எந்தக் குறையும் இல்லாததுபோல் 560 ஓம் என்று காட்டியது.