பெயர் மறைத்த மதிப்பாய்வா, கையெழுத்துப் போட்டதா?

ஆய்வுக் கட்டுரையை இதழில் வெளியிடும் முன் அதே துறையினர் மதிப்பிடுவார்கள், அதுதான் மதிப்பாய்வு. கட்டுரையை எழுதியவருக்கும் மதிப்பிடுபவருக்கும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல் வைப்பது ஒரு முறை. மதிப்பிடுபவர் தன் பெயரைப் போட்டே கருத்துச் சொல்வது இன்னொன்று.

மறைப்பதன் தேவையைக் காட்ட, உளவியலாளர்கள் பீட்டர்ஸும் செசியும் 1982இல் வெளியிட்ட சோதனை போதும். உளவியல் இதழ்களில் ஏற்கெனவே வந்த 12 கட்டுரைகளை, பெயரையும் நிறுவனத்தையும் யாரும் கேள்விப்படாத கற்பனைப் பெயர்களாக மாற்றி, அதே இதழ்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். பிடிபட்டவை 3. மீதி 9இல் 8 நிராகரிக்கப்பட்டன, பெரும்பாலும் ஆய்வுமுறை சரியில்லை என்று!

ஆனால் மறைப்பு எளிதில் கசியும். "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று ஒரு வரி, இல்லையென்றால் வேர்டு கோப்பின் பண்புகளில் அழிக்க மறந்த பெயர். அப்புறம், முகம் தெரியாத தைரியத்தில் "இந்த ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டுங்கள்" என்று தன்னுடையதையே திணிப்பவர்களும் உண்டு. கையெழுத்துப் போட வேண்டும் என்றால் அந்தக் கை கொஞ்சம் தயங்கும்.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1999இல் கையெழுத்துப் போடும் திறந்த முறைக்கு மாறியது. அதே ஆண்டு அங்கே வெளியான சோதனையில் மதிப்பாய்வின் தரம் கூடவுமில்லை, குறையவுமில்லை, மதிப்பிட மறுத்தவர்களின் எண்ணிக்கைதான் கூடியது. வியப்பில்லை. நாளை வாய்மொழித் தேர்வில் எதிரே உட்காரப்போகும் பேராசிரியரின் கட்டுரையில் பிழை சொல்லிக் கையெழுத்துப் போட எந்த ஆய்வு மாணவர் துணிவார்?

என்னைக் கேட்டால், இளையவர்களுக்கு மறைப்பு. பணி நிரந்தரமான மூத்தவர்கள் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். வெளிவராத கட்டுரையை ஆசிரியர் குழுவைக் கேட்காமல் மாணவரிடமோ சாட்ஜிபிடியிடமோ தள்ளிவிடுவது இரண்டிலுமே தவறு.