நாடி பார்க்க எந்த வாட்ச்: முள்ளா, எண்ணா, போனா?

ஆம்புலன்ஸ் பணிக்கான அவசர மருத்துவப் பயிற்சியில் சேருபவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, "என்ன வாட்ச் வாங்கட்டும்?" என் பதில் எப்போதும் ஒன்றுதான்: செகண்ட் முள் ஓடும் சாதாரண வாட்ச். விலை உயர்ந்ததாக இருக்கவே வேண்டாம்.

டிஜிட்டல் வாட்ச் துல்லியமாயிற்றே என்பார்கள். துல்லியம்தான்; சிக்கல் நம் மூளையில். பயிற்சியில் ஒரு மாணவி, சக மாணவரின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து, உதடு அசைய எண்ணுகிறார். 17-வது வினாடியில் ஆரம்பித்தார். "இருபத்தேழு, இருபத்தெட்டு..." வாட்சில் 40, 41 ஓடுகிறது. அடுத்த துடிப்புக்கு வாய் "நாற்பத்திரண்டு" என்றுவிடுகிறது. விரலை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. போதாக்குறைக்கு, 37-ல் ஆரம்பித்தால் அரை நிமிடம் 07-ல் முடியும் என்ற கணக்கும் தலைக்குள் ஓட வேண்டும். முள் வாட்சில் இந்தத் தொல்லையே இல்லை. முள் 12-ஐத் தொடும்போது ஆரம்பி, 6-ஐத் தொடும்போது நிறுத்து. கண்ணுக்கு இடம், மனசுக்கு எண்; இரண்டும் மோதிக்கொள்வதில்லை.

செகண்ட் முள் அரிதாக இருந்த காலத்தில், இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃப்ளோயர் சரியாக ஒரு நிமிடம் மட்டுமே ஓடும் கடிகாரத்தைச் செய்யச் சொல்லி அதை வைத்து நாடி எண்ணினார். 1707-ல் அதைப் பற்றி எழுதியும் வெளியிட்டார்.

இரவு நேர விபத்தில் மட்டும் டிஜிட்டல் ஜெயிக்கும், விளக்கு இருப்பதால். முள் வாட்ச் வாங்குபவர்கள் இருட்டில் ஒளிரும் முள்ளாகப் பாருங்கள். தோல் வார் வேண்டாம், ரத்தம் ஊறினால் போகாது. கழுவக்கூடிய ரப்பர் வார் போதும்.

போன் ஸ்டாப்வாட்ச் சரிவராது. ஒரு கையை அதுவே பிடித்துக்கொள்கிறது, கையுறையில் ஒட்டிய அழுக்கெல்லாம் அதில் ஏறுகிறது. பதறி நிற்கும் வீட்டாருக்கு நீங்கள் நாடி எண்ணுவது தெரியாது, போன் பார்ப்பதுதான் தெரியும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறதே என்றால், அது துணைக்கு இருக்கட்டும். கை சில்லிட்டிருந்தாலும், நகத்தில் அடர்ந்த நகப்பூச்சு இருந்தாலும், வண்டி குலுங்கினாலும் அது தடுமாறும். அதிர்ச்சி நிலையில், அதாவது உடலில் ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த நிலையில், இருப்பவரின் நாடி நூல்போல் மெலிந்து ஓடுவதை அந்த எண் சொல்லாது, விரல்தான் சொல்லும்.

வாட்சைவிட முக்கியம், எவ்வளவு நேரம் எண்ணுகிறோம் என்பது. 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினாலும் விடையில் நான்கு தவறும். 30 வினாடி எண்ணினால் அது இரண்டாகக் குறையும். நாடி சீராக இருந்தால் எனக்கு 30 போதும். தாறுமாறாக இருந்தால் முழு நிமிடம். மூச்சை எண்ணும்போதுதான் 15 வினாடி நிஜமாகவே ஆபத்து. பெரியவர்களுக்கு இயல்பு நிமிடத்துக்கு 12 முதல் 20. கால் நிமிடத்தில் 3, 4, 5 என்று எண்ணினால் 12, 16, 20 மட்டுமே கிடைக்கும். ஒரே ஒரு மூச்சு விட்டுப்போனால் 24 என்பது 20 ஆகிவிடும். மூச்சுத் திணறுபவர் தாளில் இயல்பானவராகிவிடுவார். குழந்தைகளுக்கு முழு நிமிடம்தான், அதில் சமரசமே கிடையாது. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் மூச்சோ விட்டுவிட்டு, வேகம் மாறிமாறி வரும்.

இன்னொன்று: மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தாலே மூச்சின் தாளம் மாறிவிடும். அதனால் நாடி எண்ணி முடித்த பிறகும் விரலை எடுக்காதீர்கள். அவர் கையை மெல்ல அவர் நெஞ்சின்மேல் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வாட்ச் முகப்பு மணிக்கட்டின் உட்புறமாகத் திரும்பியிருந்தால், முள் நகர்வதும் நெஞ்சு ஏறி இறங்குவதும் ஒரே பார்வையில் தெரியும். அவர் நாடி பார்ப்பதாகவே நினைத்திருப்பார்.