திருகோணமலையில் "ஒரே நாளில் பி.எல்.எஸ், ஏ.சி.எல்.எஸ்": காசு கட்ட முதல் வாசியுங்கள்

கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை, ஞாயிறு ஒரு நாள் போதும், பி.எல்.எஸ் (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ் (உயர்நிலை இருதய உயிர்காப்பு) என்ற இரண்டு அமெரிக்கச் சான்றிதழும் கைக்கு வரும். வட்ஸ்அப்பில் சுற்றிய இந்த நோட்டீசை நம்பி நகரில் ஒரு விடுதி மண்டபத்தில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். தாதிய உத்தியோகத்தர்கள், உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருக்கும் வைத்தியர்கள், வளைகுடா வேலைக்கு விண்ணப்பித்தவர்கள், கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து கடமை மாற்றிக்கொண்டு வந்தவர்கள். நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. அடுத்த முறை வேறு பெயரில் வருவார்கள். செய்யும் முறைதான் மாறாது.

அன்று மண்டபத்தில் 40 பேர், நெஞ்சை அழுத்திப் பழகும் பெரியவர் பொம்மை 2, பயிற்றுநர் ஒருவர். சிசுப் பொம்மை இல்லை. மதியம் வரை ஸ்லைட். பிறகு செய்முறைக்கு ஒன்றரை மணித்தியாலம். இரண்டு பொம்மைக்கும் சேர்த்து 180 நிமிடம், 40 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலரை நிமிடம். எழும்பிப் போய் முழங்காலில் இருக்கும் நேரமும் அதற்குள்தான். நெஞ்சை அழுத்துபவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு நிமிடத்தை இரண்டு முறை ஒழுங்காகச் செய்து பார்க்கக்கூட அங்கே இடமில்லை.

அமெரிக்க இருதயச் சங்கத்தின் பி.எல்.எஸ் வகுப்பில் ஒரு பயிற்றுநருக்கு 6 பேர், மூன்று பேருக்கு ஒரு பொம்மை. 40 பேர் என்றால் பயிற்றுநர் 7, பொம்மை 14. பொம்மையில் ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் கருவி இருக்க வேண்டும் என்பது 2019 முதல் கட்டாயம். இதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், 6ஐத் தாண்டாமல். மூன்றரைக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பவரின் கண் பிடிக்காது. களைத்தவர் நெஞ்சின் மேலேயே சாய்ந்துவிடுவார். நெஞ்சு முழுதாக மேலெழும்பாவிட்டால் இருதயத்துக்குள் இரத்தம் திரும்பி நிறையாது, அடுத்த அழுத்தத்தில் வெளியே தள்ளவும் ஒன்றும் இருக்காது. இந்தப் பிழையைக் கருவி உடனே காட்டிக்கொடுக்கும். கைதட்டி "நல்லாச் செய்றீங்க" என்று சொல்பவர் காட்டமாட்டார்.

சிசுவுக்கு ஆழம் சுமார் 4 சென்ரிமீற்றர். இருவர் சேர்ந்து செய்தால் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு. பெரியவருக்கு எத்தனை பேர் நின்றாலும் 30க்கு 2. சிசுப் பொம்மை இல்லாத வகுப்பில் இதைச் செய்து காட்டி யாரும் சித்தியடைய முடியாது. அந்தச் சோதனை இல்லாமல் சான்றிதழ் அட்டை கொடுத்தால் அது பொய் அட்டை.

ஏ.சி.எல்.எஸ் கதை இன்னும் மோசம். வகுப்புக்கு வருமுன் சுயமதிப்பீட்டில் 70 வீதம் எடுத்து அந்தத் தாளைக் கொண்டுவர வேண்டும். வகுப்பில் குழுத்தலைவராக நின்று, மொனிட்டரில் மாறும் இதயத் தாளத்தைப் பார்த்து மருந்தும் ஷொக்கும் சொல்லும் மெகாகோட் சோதனை உண்டு. எழுத்துப் பரீட்சையில் 84 வீதம் வேண்டும். முழு வகுப்பாக நடத்தினால் வழமையாக இரண்டு நாள் எடுக்கும். பி.எல்.எஸ்ஸோடு சேர்த்து ஒரே ஞாயிறில் முடிகிறது என்றால் இவற்றில் எதையோ விழுங்கிவிட்டார்கள்.

பிறகு அட்டை. லெமினேட் செய்த கார்ட்டுக்குக் கூரியர் செலவு என்று மேலும் காசு கேட்டார்கள். ஈ-கார்ட் என்பது இணையத்தில் வரும் மின்னட்டை, அதற்கு எதற்குக் கூரியர்? உண்மையான ஈ-கார்ட் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும், நீங்களே உள்ளே போய்ப் பெற்றுக்கொள்ள வேண்டும். வகுப்பு முடிந்து 20 வேலை நாளுக்குள் வர வேண்டும், இரண்டு வருடம் செல்லும். அதிலுள்ள குறியீட்டைச் சங்கத்தின் இணையத்தளத்தில் போட்டால் பெயரும் காலாவதித் திகதியும் தெரியும். அட்டையிலுள்ள கியூ.ஆரை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு நம்ப வேண்டாம். இவர்கள் கொடுத்த கியூ.ஆர் இவர்களுடைய சொந்தப் பக்கத்துக்கே போனது. முகவரியை நீங்களே தட்டச்சுச் செய்யுங்கள். நேர்முகத்தில் அதைத்தான் செய்வார்கள்.

காசு கட்டமுன் கேட்க வேண்டியது ஒன்றே: அட்டையை வழங்கும் பயிற்சி நிலையம் எது? ஒவ்வொரு பயிற்றுநரும் ஏதோ ஒரு நிலையத்தோடு இணைந்திருப்பார். அந்த நிலையத்துக்கு நீங்களே தொலைபேசி எடுத்து, திகதியையும் இடத்தையும் சொல்லி உறுதிப்படுத்துங்கள். கொழும்பிலிருந்து பயிற்றுநர் வருவது வழமைதான், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கட்டணம் குறைவு என்பதும் குற்றமில்லை. தனியார் ஒருவரின் வங்கிக் கணக்கு, பற்றுச்சீட்டு இல்லை, கையேடு இல்லை, நிலையத்தின் பெயரைக் கேட்டால் "எங்களுக்கு மேலே ஆள் இருக்கு" என்ற பதில்: இவை சேர்ந்தால் விலகிவிடுங்கள். நோட்டீசில் சிபிடி (தொடர் தொழில்சார் கல்வி) புள்ளி என்று போட்டிருந்தால், யார், எந்தத் திகதி வகுப்புக்குக் கொடுத்த புள்ளி என்று கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உள்நாட்டு வேலைக்குத்தான் என்றால் அமெரிக்க அட்டையே வேண்டும் என்று நிற்கத் தேவையில்லை. மயக்கமருந்து நிபுணர்களின் கல்லூரியும் உயிர்ப்பித்தல் பயிற்சி நடத்துகிறது. அடுத்தது எப்போது என்று உங்கள் வைத்தியசாலையின் மயக்கமருந்து வைத்தியரிடம் விசாரியுங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் தாமதிக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். வங்கிச் சீட்டு, நோட்டீசின் படம், வட்ஸ்அப் உரையாடல், அந்தப் போலி அட்டை நான்கையும் இணையுங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்க முன்னமே உரையாடலைப் படமெடுத்து வையுங்கள்.