கையில் பொருள் இருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை: ஆளில்லாத ஹார்டுவேர் கடையில் ஆறு ஆண்டுகள்

சட்டைப் பையில் ஒரு போல்ட்டைப் போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போகிற ஆள் நான். அதன் அளவு தெரியாது, பெயரும் தெரியாது. உடைந்தது, அல்லது கழன்று தொலைந்தது, அதேபோல் இன்னொன்று வேண்டும். என்னைப் போன்றவர்கள்தான் அந்தக் கடைகளுக்கு அதிகம் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். கையில் இருப்பதை மேடைமேல் வைத்து "இந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிற கூட்டம்.

நான் வழக்கமாகப் போகும் கடை ஆறு ஆண்டுகளுக்கு முன் மாறியது. அதுவரை நீளமான ஒரு மேடை, பின்னால் சுவர் முழுக்க இழுப்பறைகள், நடுவில் ஒரு பெரியவர். சில வாரம் மூடிக் கிடந்து திறந்தபோது மேடையும் இல்லை, இழுப்பறைகளும் இல்லை, பெரியவரும் இல்லை. வாசலில் தொடுதிரை. வரிசை வரிசையாக எண் போட்ட அலமாரிகள். கைப்பேசிக்கு ஒரு செயலி. வெளியே போகும் வழியில் நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்கள். முதல் மாதத்திலேயே குறை எழுதியிருக்கலாம். பழக்கம் இல்லாததால் வரும் எரிச்சலாக இருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். இப்போது நன்றாகவே பழகிவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரும் அளவும் தெரிந்த பொருளுக்கு இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. 80ஆம் நம்பர் உப்புக் காகிதம், 8 மில்லிமீட்டர் ட்ரில் பிட், ஒரு லிட்டர் வெள்ளை பெயின்ட் என்று தெளிவாகத் தெரிந்தால் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். பில் கைப்பேசியில் இருப்பதால் பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் சுலபம். பெரியவரிடம் அதற்கு அரை மணி நேரம் வாதாட வேண்டும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. என் தங்கை அந்தப் பழைய கடைக்குப் போவதையே விட்டிருந்தாள். எது கேட்டாலும், "மாட்டப்போவது யாரம்மா? அவரை வரச் சொல்லுங்கள்" என்பாராம். எங்கள் வீட்டில் ட்ரில் பிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். திரை அவளிடம் அப்படிக் கேட்பதில்லை. அவளுடைய மதிப்பெண்ணும் என் மதிப்பெண்ணும் அதனால் ஒன்றாக இருக்காது.

இனி என் கதை. இரண்டாம் ஆண்டில் எழுதும் மேஜையின் ஒரு கால் ஆட ஆரம்பித்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்றைக் காணவில்லை. பக்கத்தில் இருந்ததைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். செயலியில் படம் எடுத்துத் தேடும் வசதி இருந்தது. எடுத்தேன். "எம்8" என்றது, அலமாரி எண்ணையும் பெட்டி எண்ணையும் காட்டியது. நான் அசந்துபோனேன், உண்மையாகவே. வீட்டுக்கு வந்து திருகினால் இரண்டு சுற்று வெண்ணெய்போல் இறங்கியது. மூன்றாவது சுற்றில் இறுகியது. துரு பிடித்திருக்கும் என்று ஸ்பேனரைப் போட்டு ஓர் அழுத்து அழுத்தினேன். காலுக்குள் பதித்திருந்த நட்டின் மரை வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த மேஜை இன்ச் கணக்கில் செய்தது. போல்ட் 5/16 இன்ச். மில்லிமீட்டரில் சொன்னால் 7.94. எம்8 என்பது 8. கண்ணுக்கும் ஒன்றுதான், கேமராவுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் மரையில் இருக்கிறது. எம்8 போல்ட்டின் வழக்கமான மரை ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் நகரும். 5/16 போல்ட்டின் வழக்கமான மரை இன்ச்சுக்கு 18 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.41 மில்லிமீட்டர். முதல் சுற்றில் இந்த இடைவெளி உறைக்காது. சுற்றுக்குச் சுற்று சேர்ந்து, சீக்கிரமே பல்லோடு பல் மோதும். படம் பார்த்துச் சொல்லும் இயந்திரத்துக்கு இந்த 0.16 மில்லிமீட்டர் எங்கே தெரியப்போகிறது?

பெரியவருக்குத் தெரியும். அவரிடம் அளவுகோல்கூடக் கிடையாது. நாம் கொடுத்த போல்ட்டை இடது கையில் வைத்துக்கொள்வார். இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து அதன்மேல் நீளவாக்கில் படுக்க வைப்பார், ஒன்றின் மரை இன்னொன்றின் பள்ளத்தில் உட்காரும்படி. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் குழல் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். நடுவில் வெளிச்சம் கசிந்தால் வேறு ஜாதி. கசியாவிட்டால் அதே ஜாதி. நான்கு நொடி வேலை. அதோடு விடமாட்டார். "ஒன்றுதான் விழுந்ததா, மற்றவையும் தளர்ந்திருக்கிறதா?" என்பார். தளர்ந்திருக்கிறது என்றால் போல்ட்டோடு ஸ்பிரிங் வாஷர் நான்கைக் காகிதத்தில் மடித்துத் தருவார். நாம் கேட்டது போல்ட். கோளாறு, ஆட்டத்தில் நட்டு தளர்வது. கேட்டதை மட்டும் கொடுத்திருந்தால் அடுத்த மாதம் அடுத்த போல்ட்டுக்கு வந்து நின்றிருப்போம்.

தேடல் பெட்டி என்னிடம் பெயரைக் கேட்கிறது. பெயர் தெரியாமல்தான் நான் கடைக்கே வந்திருக்கிறேன். ஆறு ஆண்டு எரிச்சலைக் காய்ச்சி இறக்கினால் அடியில் நிற்பது இந்த ஒரு வரிதான்.

பெயர் தெரிந்தாலும் சில பொருள்களில் அது உதவாது. குழாய்ச் சாமான் பக்கம் போய்ப் பாருங்கள். "அரை இன்ச்" என்று எல்லோரும் சொல்லும் இரும்புக் குழாய் இணைப்பில் அரை இன்ச்சை எங்கே தேடுவது? அரை இன்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். மரையின் வெளிப்பக்கத்தை அளந்தால் 21 மில்லிமீட்டர் வருகிறது. அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துளையை வைத்துச் சூட்டிய பெயர் அது. குழாயின் கனம் பின்னாளில் மாறியது, பெயர் மாறவில்லை. இது தெரியாமல் வெர்னியர் காலிபரில் அளந்து, செயலியின் வெளிவிட்டம் என்ற கட்டத்தில் 21 என்று போட்டேன். "பொருள் எதுவும் இல்லை." சரி, கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்று 20 போட்டேன். பிளாஸ்டிக் குழாய் இணைப்புகள் வரிசை கட்டி வந்தன. வாங்கினேன், பொருந்தவில்லை, திருப்பிக் கொடுத்தேன். இதில் இன்னொரு வம்பும் உண்டு. அரை இன்ச் மரையிலேயே பிரிட்டிஷ் தரமான பிஎஸ்பி, அமெரிக்கத் தரமான என்பிடி என்று இரண்டு வகை. இரண்டும் இன்ச்சுக்கு 14 சுற்றுதான், ஆனால் மரைப் பல்லின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. ஒன்றை ஒன்றில் திருகினால் கொஞ்ச தூரம் ஏறி, பொருந்திவிட்டதுபோல் நின்று, தண்ணீரைத் திறந்தவுடன் கசியும். டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் சரி. அலமாரியில் இரண்டும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. எச்சரிக்க ஒரு சீட்டு கிடையாது.

வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் முறை மளிகைக் கடையில் தொடங்கியது என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி என்ற கடையில்தான் அது பெரிதாகப் பேசப்பட்டது. அதற்கு முன் ஆள் நின்று சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்து டிராய் நகரில் முதன்முதலாகக் கல்லாவில் பார்கோடு படிக்கப்பட்ட பொருள், ஒரு சூயிங்கம் பாக்கெட். சூயிங்கத்துக்குப் பெயர் இருக்கிறது, உறை இருக்கிறது, வாங்குகிறவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது. யாரும் பாதி மென்ற சூயிங்கத்தைக் கொண்டுவந்து இதற்குப் பொருந்துகிற மறுபாதி இருக்கிறதா என்று கேட்பதில்லை. அந்த முறையை அப்படியே தூக்கி வந்து ஆணியும் கீலும் விற்கிற இடத்தில் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

பில் போடும் இயந்திரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் பட்டிருப்பீர்கள். ஒன்றே ஒன்று. பை வைக்கும் மேடைக்கு அடியில் ஒரு தராசு இருக்கிறது. ஸ்கேன் செய்த பொருளின் எடை அதில் ஏறினால்தான் அடுத்ததற்கு வழி விடும். நான் வாங்கியது எம்6 வாஷர் ஒன்று. ஒரு கிராம் எடை. மேடையில் வைத்தேன். "பொருளை மேடையில் வைக்கவும்" என்றது. எடுத்து மறுபடி வைத்தேன். அதே. விரலால் லேசாக அழுத்தினேன். "அறியப்படாத பொருள்" என்று சிவப்பு விளக்கு எரிந்தது. என் விரல் அதற்கு அறியப்படாத பொருளாகிவிட்டது. பணியாளர் வந்து அட்டையைக் காட்டி விடுவிக்கும்வரை, மரை கழன்றவன்போல் ஒரு வாஷரோடு நின்றேன். பின்னால் ஏழு பேர். இங்கிலாந்தின் வட பகுதியில் பூத்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2023இல் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றிலிருந்து இந்த இயந்திரங்களை எடுத்துவிடுவதாக அறிவித்தபோது, எனக்குச் சம்பந்தமில்லாத ஊர் என்றாலும் மனம் குளிர்ந்தது.

"இருப்பு: 4" என்று செயலி காட்டுவதையும் நம்ப முடியாது. வந்ததிலிருந்து விற்றதைக் கழித்து அது கணக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். யாரோ உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெட்டியில் போட்டது, திருடு போனது, தவறான அலமாரியில் அடுக்கியது எதுவும் அதற்குத் தெரியாது. நான்கு இருக்கிறது என்று நம்பிப் போய், காலிப் பெட்டியின் அடியில் இருக்கும் தூசியைப் பார்த்துத் திரும்பிய நாள்கள் நிறைய.

மிச்சமிருக்கும் பணியாளர்கள்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. பெரும்பாலும் சின்ன வயதுப் பிள்ளைகள். நாம் கேட்டவுடன் கைக்கருவியை எடுத்து, நம் கைப்பேசியில் இருக்கும் அதே செயலியில் அதே சொல்லைத் தட்டுகிறார்கள். "சார், சிஸ்டத்தில் இல்லை" என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பெரியவரை விட்டு வைத்திருந்தால் இரண்டு ஆண்டில் தேறியிருப்பார்கள். அவர்களில் ஒரு பெண் மட்டும், மூன்றாம் ஆண்டில் என்று நினைக்கிறேன், கருவியை இடுப்பில் செருகிவிட்டு, "வாருங்கள் சார்" என்று போல்ட் வரிசையின் கோடிக்குக் கூட்டிப் போனாள். அங்கே அலமாரியின் பக்கவாட்டில் ஓர் உலோகப் பலகை. ஒரு பக்கம் மில்லிமீட்டர், ஒரு பக்கம் இன்ச். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நட்டும் ஒரு முளையும் பதித்திருந்தார்கள். நம் போல்ட்டை வரிசையாகத் திருகிப் பார்க்க வேண்டியது, எது கடைசிவரை இறங்குகிறதோ அதுதான் அளவு. கைபட்டுக் கைபட்டு நட்டுகளின் ஓரம் பளபளத்திருந்தது. மின்சாரம் வேண்டாம், பெயர் வேண்டாம். அந்தக் கடையில் நான் கண்ட சிறந்த தொழில்நுட்பம் அதுதான். மேஜைக் காலுக்கு ஒரு வழி பிறந்ததும் அதனால்தான்.

போன மாதம் ஒற்றைக் கைப்பிடிக் குழாயில் சொட்டு. உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் உருளையான கார்ட்ரிட்ஜைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். 35 மில்லிமீட்டரா, 40ஆ என்பதோடு முடிகிற விஷயமில்லை. உயரம், அடியில் இருக்கும் முளைகளின் இடம் எல்லாம் ஒத்துவர வேண்டும். தொடுதிரையில் உரையாடும் உதவியாளர் குழாயின் மாடல் எண்ணைக் கேட்டது. வீட்டோடு வந்த குழாய், எந்த எழுத்தும் இல்லை என்று தட்டினேன். "உங்கள் கேள்விக்கு விடை கிடைத்ததா?" என்றது. இல்லை என்பதை அழுத்தினால், மறுபடி மாடல் எண். கார்ட்ரிட்ஜைக் கைவிட்டுவிட்டு, வந்ததற்கு இரண்டு போல்ட்டாவது வாங்குவோம் என்று கோடிக்குப் போனேன். பலகையைக் காணவில்லை. திருகுகள் பிடுங்கிய நான்கு ஓட்டைகளுக்கு நடுவே ஒரு க்யூஆர் குறியீடு ஒட்டியிருந்தது.

அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார், கையில் துருப்பிடித்த ஒரு போல்ட்டோடு. என்னைப் பணியாளர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "இது எது என்று பார்த்துச் சொல்லுங்களேன்" என்று நீட்டினார். பெட்டியிலிருந்து ஒரு எம்8ஐ எடுத்து அதன்மேல் படுக்க வைத்தேன். குழல் விளக்கு இப்போது ரொம்ப உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்த தொடுதிரைக்கு நேராக இரண்டையும் பிடித்து, இருவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தோம். நடுவில் வெளிச்சம் கசிந்தது. அடுத்த பெட்டியைத் திறந்தோம்.