லேபிள் இல்லாத நீல பாட்டில்: மரைன் டேங்க் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

உப்புத்தண்ணீர் மீன் வளர்ப்பவர்கள், அதிலும் புதிதாகத் தொடங்கியவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடந்த மூன்று மாதத்தில் என் வீட்டில் நடந்தது. கடையின் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதம் தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்கள் சுதாரித்துக்கொள்ளலாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சென்னை புது வண்ணாரப்பேட்டையில் என் வீடு. நான்கடித் தொட்டி, சுமார் 240 லிட்டர். ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு டாம்செல் மீன், ஒரு க்ளீனர் ஷ்ரிம்ப் (இறால்), ஏழெட்டு நத்தைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. கீழே முழங்கால் அளவு தண்ணீர். மேலே பேட்டரி ஏர் பம்பை வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் முறைபோட்டு விழித்திருந்து அந்த ஜோடியைப் பிழைக்க வைத்தோம். அதில் பெண் மீன் இப்போது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் பக்கம் போயிருந்தேன். கலர்மீன் என்றாலே நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது கொளத்தூர்தான். நானே பல வருடமாக அங்கே வாங்குகிறேன், நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் நிறைய பேரைத் தெரியும். இது நான் அதுவரை போகாத ஒரு கடை. கண்ணாடித் தொட்டியில் ஒரு ப்ளூ டாங் மீன், உள்ளங்கை நீளம், ஒரு புள்ளி இல்லாமல் பளபளவென்று நீந்திக்கொண்டிருந்தது.

“குவாரன்டைன் பண்ணதாண்ணா?” என்று கேட்டேன்.

“பதினஞ்சு நாள் வெச்சிருந்து எடுத்தது தம்பி. நேரா தொட்டில விடு, ஒண்ணும் ஆகாது.”

3,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அவர் சொன்னபடியே நேராக விட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் டாங்கின் துடுப்பில் ரவை ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள். மாலைக்குள் க்ளவுன் மேலும் இரண்டு மூன்று. மீன்கள் பாறையில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தன. கடைக்கு போன் செய்தேன். “வா தம்பி, மருந்து தரேன்” என்றார். போனேன். லேபிள் எதுவும் இல்லாத ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே நீல நிறத் திரவம். 450 ரூபாய். தினமும் இரண்டு மூடி, மூன்று நாள் ஊற்ற வேண்டும், ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். “எறா, நத்தை எல்லாம் இருக்கேண்ணா” என்றேன். “எறாவுக்கு எதுவும் ஆகாது, நம்மகிட்ட எல்லாரும் இதான் வாங்கறாங்க” என்றார்.

முதல் நாள் ஊற்றிய இரவே இறால் செத்தது. அடுத்த நாள் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்தன. கேட்டதற்கு, இறால் தோல் உரிக்கும்போது அப்படிச் சாகும் என்றார். நத்தைக்குப் பதில் இல்லை.

ஆனால் மூன்றாம் நாள் புள்ளிகள் போய்விட்டன. ஒன்றுகூட இல்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். “பாத்தியா தம்பி” என்று பதில் வந்தது. நன்றி சொன்னேன். அடுத்த வாரம் அவரிடமே போய் இன்னும் இரண்டு டாம்செல் வாங்கினேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் புள்ளிகள் மருந்தே இல்லாமலும் விழுந்திருக்கும்.

இதை எனக்குப் புரிய வைத்தவன் என் அக்கா மகன். பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கிறான். டாம்செல் வாங்கி ஐந்தாறு நாளில் நோய் திரும்பி வந்தது, இந்த முறை மீன் முழுவதும் உப்பைத் தூவியது போல. டாங் இரண்டே நாளில் செத்தது, அதன் பின் பெண் க்ளவுன். அப்போதுதான் அவனைக் கூப்பிட்டேன். நோயுற்ற டாம்செல்லின் தோலிலிருந்து மெல்லச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினான். உருண்டையாக, கருமையாக, உடம்பெல்லாம் நுண்மயிரோடு ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கிரிப்டோகேரியான் இரிடான்ஸ், கடல்மீன் வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி.

“மாமா, புள்ளி போயிடுச்சுன்னா வியாதி போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. சாப்பிட்டு முடிச்சு எறங்கிடுச்சு, அவ்ளோதான்” என்றான்.

அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி என்பது மீனின் தோலுக்கு அடியில் புகுந்து, அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணி. மூன்று முதல் ஏழு நாள் வரை அங்கே இருக்கும். தோலுக்குள் இருக்கும்வரை தண்ணீரில் ஊற்றும் மருந்து அதைத் தொடாது. பிறகு தானாகவே, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், மீனை விட்டு இறங்கி மணலிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள்ளேயே பிரிந்து பெருகி, ஒரு கூட்டிலிருந்து இருநூறு வரைக்கும்கூட வெளியே வரும். வந்தவை ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாகும். அந்த நீந்தும் பருவத்தில்தான் காப்பர் (தாமிரம்) கலந்த மருந்து அவற்றைக் கொல்லும். கூடு சில நாளிலும் வெடிக்கலாம், நான்கு வாரமும் ஆகலாம், 72 நாள் வரை தாக்குப்பிடித்ததும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

ஆக, புள்ளி வந்து நாலைந்து நாளில் மறைவது அந்த ஒட்டுண்ணியின் இயல்பு. வெறும் நீலமை கலந்த தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் அவர் “பாத்தியா தம்பி” என்று சொல்லியிருக்க முடியும். பத்து நாள் கழித்து மீன் சாகும்போது, உன் தொட்டித் தண்ணீர் சரியில்லை என்றும் சொல்ல முடியும். பிறகு அதைத்தான் சொன்னார்.

பாட்டிலில் இருந்தது வெறும் சாயத் தண்ணீராக இருந்தாலாவது இறால் பிழைத்திருக்கும். ஆன்லைனில் காப்பர் டெஸ்ட் கிட் வரவழைத்துப் பாட்டிலையும் தொட்டித் தண்ணீரையும் சோதித்தோம். இரண்டிலும் காப்பர். காப்பர் நல்ல மருந்துதான், அதை நான் குறை சொல்லவில்லை. தனித் தொட்டியில், பாறையும் மணலும் இல்லாமல், காப்பர் சல்பேட் என்றால் தண்ணீரில் காப்பர் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்று தினமும் அளந்து, 30 நாள் விடாமல் வைத்திருந்தால் வேலை செய்யும். அளவு குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாகும். இறால், நத்தை, அனிமோன் போன்றவற்றுக்கு அந்த அளவே விஷம். மெயின் தொட்டியில் ஊற்றினால் லைவ் ராக்கும் (தொட்டியில் வைக்கும் கடல் பாறை) மணலும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூடியால் அளந்து மூன்று நாள் ஊற்றச் சொன்னவருக்கு இதில் ஏதாவது தெரிந்திருந்தால், தெரிந்தே செய்தார். தெரியாவிட்டால், தெரியாத மருந்தை “எறாவுக்கு ஆகாது” என்று உறுதி சொல்லி விற்றார். இரண்டுமே எனக்கு மன்னிக்கக்கூடியதாகத் தெரியவில்லை.

ஹீட்டரை ஏற்றச் சொன்னதும் அப்படித்தான். நன்னீர் வெண்புள்ளிக்குச் சூடும் கல்லுப்பும் கைகொடுக்கும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் அந்த ஒட்டுண்ணி வேறு. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருப்பதால் அதே வைத்தியத்தை இங்கேயும் சொல்கிறார்கள். கடல்நீரில் சூட்டை ஏற்றினால் ஆக்சிஜன் குறையும், செவுள் புண்ணாகி ஏற்கெனவே மூச்சு வாங்கும் மீனுக்கு இன்னும் கஷ்டம்.

இன்னொன்று. இரண்டாவது முறை டாம்செல் வந்த பையின் தண்ணீரை ஒரு பாட்டிலில் வைத்திருந்தேன், வேறு எதற்கோ. அதையும் சோதித்தோம். அதிலும் லேசாகக் காப்பர். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.017 காட்டியது, என் தொட்டியில் 1.025; அதாவது கடைத் தண்ணீரில் உப்பும் குறைவு. அந்தக் கடையில் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே சம்ப் (தண்ணீர் வந்து சேர்ந்து சுழலும் பொதுத் தொட்டி), ஒரே தண்ணீர். குறைந்த அளவு காப்பரை அதில் ஓட விட்டால் நோய் அடங்கிக் கிடக்கும், புள்ளி வெளியே தெரியாது. விற்று நம் வீட்டுச் சுத்தமான தண்ணீருக்கு வந்ததும் எழுந்துகொள்ளும். கடையில் பளபளவென்று இருந்த டாங் ஐந்தாம் நாள் ஏன் அப்படி ஆனது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. இதற்குப் பெயர் குவாரன்டைன் இல்லை.

டெஸ்ட் ரிசல்ட்டோடு நேரில் போனேன். பணம் கேட்கவில்லை. தண்ணீரில் காப்பர் இருப்பதை வாங்குபவர்களிடம் சொல்லுங்கள், லேபிள் இல்லாமல் மருந்து விற்காதீர்கள் என்று மட்டும் கேட்டேன். “இஷ்டம் இருந்தா வாங்கு, இல்லன்னா போ” என்றார். மறுநாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

மிஞ்சியது ஆண் க்ளவுனும் ஒரு டாம்செல்லும். மீண்டும் மருந்தைத் தொட எனக்குப் பயமாக இருந்ததால் அக்கா மகன் வேறு வழி சொன்னான். இரண்டு பிளாஸ்டிக் டப், இரண்டு ஏர் பம்ப். 72 மணி நேரத்துக்குள் மீனை ஒரு டப்பிலிருந்து புதுத் தண்ணீர் உள்ள அடுத்த டப்புக்கு மாற்ற வேண்டும், இப்படி நான்கு முறை. மீனை விட்டு இறங்கும் ஒட்டுண்ணியின் கூடு வெடிக்கும்போது மீன் அந்த டப்பில் இருக்காது. பழைய டப்பைக் கழுவி வெயிலில் எலும்பு போலக் காய வைக்க வேண்டும். வலையும் தனித்தனி. அம்மோனியா ஏறுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் டப் காய்வது மட்டும் சுலபம், மற்றபடி உப்புச் செலவும் முதுகு வலியும் உண்டு. ஆனால் இரண்டும் பிழைத்துவிட்டன. இது வெண்புள்ளிக்கு மட்டும்தான். மீன் மேல் தங்கத் தூள் போலப் பொடியாகத் தெரிந்து, மூச்சு இரைத்து, இரண்டு மூன்று நாளில் சாகிறது என்றால் அது வெல்வெட் என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்கு இந்த வழி போதாது, காத்திருக்கவும் நேரம் கிடையாது.

மெயின் தொட்டி இப்போது மீன் இல்லாமல் ஓடுகிறது, கூடு 72 நாள் வரை தாக்குப்பிடிக்கலாம் என்பதால் 76 நாள் அப்படியே விட வேண்டும். பாறையை மாற்றிவிட்டேன். பழைய காப்பர் பாறையைக் காசிமேட்டில் கடலில் போட்டுவிடலாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பாறையும் கூடாது, தொட்டித் தண்ணீரும் கூடாது, வேண்டாத மீனும் கூடாது.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் யாராவது கடல்மீன் வாங்கினால், நேராகத் தொட்டியில் விடாதீர்கள். வந்த பைத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். காப்பர் கிட்டும் ரிஃப்ராக்டோமீட்டரும் என்னிடம் இருக்கின்றன. பத்து நிமிட வேலை, பார்த்துச் சொல்கிறேன்.