ஒரு மணி நேர ஜிம்மா, பத்து நிமிஷ வீட்டுப் பயிற்சியா?

நேரம்
ஜிம்: போய் வர, உடை மாற்ற எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.
வீடு: பத்தே நிமிஷம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, சுவரில் கை ஊன்றித் தண்டால் 10, மாடிப்படி இரண்டு முறை. இதையே மூன்று சுற்று. மூச்சு வாங்கினால் இரண்டோடு நிறுத்தலாம், தப்பில்லை.

செலவு
ஜிம்: மாதக் கட்டணம், ஷூ.
வீடு: ஆடாத நாற்காலி ஒன்று.

விட்டுப்போனால்
பெரும்பாலோர் கவிழ்வது இங்கேதான். ஜிம்மில் மூன்று வாரம் இடைவெளி விட்டு, பழைய எடையையே முதல் நாள் தூக்கினால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை பிடித்துக்கொள்ளும். படி இறங்க முடியாது, மறுபடி விடுப்பு. பாதி எடை, ஒரே செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) என்று திரும்புங்கள். வீட்டுப் பயிற்சியில் இந்த வம்பு குறைவு. தூக்கம் கெட்ட நாளில்கூட ஒரு சுற்று முடித்துவிடலாம். 10 நிமிஷத்துக்குக் குறைந்தால் கணக்கில் வராது என்ற பழைய விதியை உலக சுகாதார நிறுவனமே 2020இல் கைவிட்டுவிட்டது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷ மிதமான உழைப்பு என்ற இலக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

பலம்
ஜிம்: எடையைக் கூட்டிக்கொண்டே போகலாம்.
வீடு: சில வாரத்தில் பழகிவிடும். தண்டாலில் சுவரிலிருந்து மேசை விளிம்புக்கு, பிறகு தரைக்கு இறங்க வேண்டும். முதுகுக்கு வேலை கிடைக்காது. அதற்கு 5 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து இடுப்புக்கு இழுங்கள்.

தசை கூட்ட ஜிம். ஆரம்பித்து ஆரம்பித்து விடுபவருக்கு வீடு.